'அவர்கள்' யார்? கனடாவின் வதிவிடப் பாடசாலைகளும் சிறுவர் படநூல்களும்

கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015ஆம் ஆண்டில் 94 கோரிக்கைகளை முன்வைத்தது. சுதேச மக்களின் பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்த வதிவிடப் பாடசாலைகளின் வரலாறு பாலர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை வயதுக்கேற்றவாறு கட்டாயமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் 62ஆவது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதனை எவ்வாறு கற்பிப்பது? அந்நாட்டு ஆசிரியர் பலர் இதற்குப் படநூல்களையே நாடுகின்றனர். அவை எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லாது விடுகின்றன என்பது ஆராயத்தக்கது.

முதலில் வரலாறு. 1879இல் நிக்கலஸ் டேவின் சமர்ப்பித்த அறிக்கை, ஐக்கிய அமெரிக்காவின் கைத்தொழிற் பாடசாலைகளை முன்மாதிரியாகக் காட்டிற்று. 1883இல் மேற்குச் சமவெளியில் இத்தகைய பாடசாலைகளை நிறுவ அரசு தீர்மானித்தது. கண்டத்தைக் குறுக்கறுக்கும் புகையிரதப் பாதை நிறைவுற்றது 1885இல். காட்டெருமை மந்தைகள் அழிந்து பசியால் வாடிய மக்களின் நிலம், ஒப்பந்தங்களின் பெயரால் குடியேறிகளின் கோதுமை வயலாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. இவை தற்செயலாக ஒருங்கு நிகழ்ந்தவையல்ல. மொழியும் உறவும் அறுந்த தலைமுறை நிலத்துக்கு உரிமை கோராது என்பதே கொள்கையின் உட்கிடை. செலவின் பெரும்பங்கை அரசும் நிருவாகத்தைத் திருச்சபைகளும் ஏற்றன. இப்பாடசாலைகளில் காசநோயால் பிள்ளைகள் மடிவதை மருத்துவ அதிகாரி பீற்றர் பிறைஸ் 1907இல் அறிக்கையிட்டார், பயன் விளையவில்லை. 1920இல் 7 முதல் 15 வயது வரையான பிள்ளைகளின் வரவைக் கட்டாயப்படுத்தச் சட்டம் வழிசெய்தது. 1990களின் பிற்பகுதியில் இறுதிப் பாடசாலை மூடப்படும்வரை ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் இவற்றுக்குட் சென்றனர். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இவ்விடத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி நினைவுக்கு வருதல் இயல்பே. அங்கும் மாணவர்க்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆயின் அங்கே பெற்றோர் உத்தியோகத்தை நாடித் தாமே பிள்ளைகளை அனுப்பினர். மறுத்தவனின் வீட்டுக்குப் பொலிஸ் வரவில்லை. பெயர் மாற்றம் ஒன்றைக் கொண்டு இரண்டையும் ஒப்பிடுவது மேலோட்டமான பார்வையாகும்.

படநூல்களுள் கலைநயம் மிக்கது, 2016இல் வெளிவந்த டேவிட் றொபேர்ட்சனின் 'நாம் தனித்திருந்த வேளை'. ஓவியம் ஜூலி பிளெற்றுடையது. இருவரும் கிறீ மரபினர். தோட்டத்தில் வேலை செய்யும் பாட்டியிடம் பேர்த்தி வினவுகிறாள்: ஏன் இத்தனை நிறங்களில் உடுக்கிறீர்கள், ஏன் கூந்தலை நீள வளர்க்கிறீர்கள், ஏன் கிறீ மொழியிற் பேசுகிறீர்கள், ஏன் தம்பியோடு இவ்வளவு நேரம் கழிக்கிறீர்கள்? ஒவ்வொரு விடையும் தொலைவிலுள்ள பாடசாலைக்குத் திரும்புகிறது. எல்லோர்க்கும் ஒரே உடை, கத்தரித்த தலை, தடுக்கப்பட்ட மொழி, பிரிக்கப்பட்ட உடன்பிறப்பு. எனினும் தனித்திருந்த வேளைகளில் பிள்ளைகள் நிறம் நிறமான இலைகளால் உடலை மூடினர். நெடும்புல்லைக் கூந்தலோடு பின்னினர். ஒடுக்குமுறையையும் எதிர்ப்பையும் ஒரே மூச்சிற் சொல்லும் இவ்வடிவம், திரும்பத் திரும்ப வரும் கேள்வியில் இன்பங்காணும் குழந்தையின் இயல்போடு பொருந்துவது. வன்முறை விவரிக்கப்படாமலே உணரப்படுகிறது.

ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டியின் விடைகளில் இவற்றையெல்லாம் செய்தோர் 'அவர்கள்' என்ற சுட்டாக மட்டுமே வருகின்றனர். கூர்மையான பிள்ளை ஒன்று நிச்சயம் கேட்கும்: அவர்கள் யார்? வேறு பல நூல்கள் இதற்குக் கொடிய கன்னியாஸ்திரீ ஒருத்தியை விடையாகத் தருகின்றன. அக்கொடுமை பொய்யன்று. ஆனால் ஒரு கொள்கை தனிமனிதக் குணக்கேடாகச் சுருங்கும்போது, நல்லவர்கள் நடத்தியிருந்தால் பாடசாலை நன்றாயிருந்திருக்கும் என்ற முடிவுக்கே பிள்ளை வரும். இதனை ஓரளவு தவிர்ப்பது ஜெனி கே டுப்புயியும் கதி காஸரும் எழுதிய 'நான் ஓர் இலக்கமல்ல' (2016). டுப்புயியின் பாட்டி ஐரீனின் கதையான இதில், அரச முகவரே வீட்டுவாசலில் வந்து நிற்கிறார். பாடசாலையில் அவள் 759 ஆகிறாள். விடுமுறையில் வீடு வந்த பிள்ளைகளை ஒளித்துவைத்துத் தந்தை முகவரை எதிர்த்து நிற்கிறார். அரசு இங்கே முகங்கொள்கிறது.

வகுப்பறை நடைமுறையோ பெரும்பாலும் அனுதாபத்தோடு நின்றுவிடுகிறது. பாட்டி வாங்கித்தந்த செம்மஞ்சட் சட்டையை 1973இல் பாடசாலையிற் பறிகொடுத்த பிலிஸ் வெப்ஸ்ராட்டின் அனுபவத்திலிருந்து 2013இல் எழுந்தது செப்ரெம்பர் 30 நினைவுநாள். அச்சட்டை இன்று கடைகளில் விற்பனைப் பண்டமுமாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பது அவசியம். அதனோடு நிறுத்துவது போதாது. சிறுவர் அஞ்சுவர் என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்லலாம்: கொண்டுசெல்லப்பட்டோரும் அதே வயதினர்தாம். அவர்களின் பேரப்பிள்ளை ஒருவர் அதே வகுப்பில் அமர்ந்திருக்கவும் கூடும்.

நிலத்தைப் பற்றிப் பேச இடந்தரும் நூல் நிக்கோலா கம்பெலின் 'ஷி-ஷி-எற்கோ' (2005). பாடசாலை இதிற் காட்டப்படுவதேயில்லை. புறப்படுவதற்கு முந்திய நான்கு நாள்களில் சிறுமி தாயோடு ஓடையில் நீராடுகிறாள், தந்தையோடு ஏரியில் ஓடம் செல்கிறாள், பாட்டியிடம் செடிகளின் பெயர்களைக் கற்று நினைவுப்பை ஒன்றில் அவற்றைச் சேர்க்கிறாள். இங்கு ஆசிரியர் கேட்கக்கூடிய வினா எளிது: பிள்ளைகள் எல்லோரும் போனபின் இந்த ஓடையும் ஏரியும் யாருடையவையாயின? நூலாசிரியரின் ஊர் அமைந்த பிரித்தானிய கொலம்பியாவின் மிகப் பெரும்பகுதி, எந்த ஒப்பந்தத்தின் மூலமும் அம்மக்களால் ஒருபோதும் கையளிக்கப்படாத நிலம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.