கொத்மலையில் காயாத துணி

மலையகத்தில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் மண்சரிவும் வெள்ளமும் செய்தியாகின்றன. காயாத துணி செய்தியாவதில்லை. ஆனால் ஒரே ஒரு சீருடையை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை திங்கட்கிழமை காலையில் பாடசாலைக்குப் போவதா, வீட்டில் நிற்பதா என்பதைப் பல வீடுகளில் கொடியில் தொங்கும் அந்த வெள்ளைச் சட்டையே தீர்மானிக்கின்றது. கொழுந்து பறிக்கும் தாயின் சேலையும் இடுப்பில் கட்டிய படங்கும் நாள்தோறும் நனைகின்றன. முதல் நாள் நனைந்தது காய்வதற்குள் மறுநாள் வேலைக்குப் புறப்படும் நேரம் வந்துவிடுகின்றது.

அண்மைக் காலமாக நகரக் கடைகளில் சலவை இயந்திரத்தின் பக்கத்திலே துணி உலர்த்தும் இயந்திரமும் இடம் பிடித்துள்ளது. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் பிள்ளைகள் தாய்மாரின் சிரமத்தை எண்ணி, அதனை வாங்கிக் கொடுத்தால் என்ன என்று யோசிப்பது இயல்பே. கொத்மலை போன்ற ஒரு பிரதேசத்தில் அது பயன் தருமா, அல்லது வேறு வழி உண்டா என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

துணி ஏன் காய்வதில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். மழையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மழை விட்ட பின்னரும் கொடியில் கிடப்பது காய மறுக்கின்றதே! காற்று தன்னகத்தே எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் அதே அளவு காற்றினால் 13 கிராம் வரையே தாங்க முடியும். இரண்டு இடங்களிலும் ஈரப்பதன் 80 சதவீதம் என்று கொண்டால், கடற்கரைக் காற்றில் மேலும் ஆறு கிராமுக்கு இடமிருக்கும். மலைக்காற்றில் மூன்று கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். கொழும்பிலே அரை நாளில் காய்வது பூண்டுலோயாவிலும் இறம்பொடையிலும் இரண்டு நாள் எடுப்பதன் இரகசியம் இதுவே. பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த மூன்று கிராமுக்கும் இடமில்லை.

வெளியே காயாததை வீட்டுக்குள் கட்டுகின்றோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள லயக் காம்பிரா ஒன்றின் காற்று, கூரை எட்டடி உயரமாயின், 27 கனமீற்றர் வரும். 20 பாகை வெப்பத்தில் அந்தக் காற்று முழுவதும் தாங்கக்கூடிய நீர் அரை லீற்றருக்கும் குறைவு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாள் துவையலோ, கையால் பிழிந்த நிலையில், நான்கைந்து லீற்றர் நீரைச் சுமந்து நிற்கின்றது. எஞ்சியது எங்கே போகும்? சுவருக்கும் மெத்தைக்கும் கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்துக்கும் போகும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு நோயுள்ள பிள்ளை இரவெல்லாம் மூச்சுக்குத் திணறுவதற்கு இத்தகைய ஈரச் சுவர்களும் ஒரு காரணமாகலாம் என்பதை மருத்துவர்கள் நீண்ட காலமாகவே எடுத்துக் கூறி வருகின்றனர்.

இதற்கு நம்மவர் கண்ட மாற்று அடுப்படி. மிலாறு விறகு எரியும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணியைப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அடுப்பைத் துணிக்காக இரவிலும் எரிய விட வேண்டியுள்ளது. வீட்டு அடுப்புப் புகையினால் உலகெங்கும் 2020 ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்னரே உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவ்வளவையும் தாண்டிக் காய்ந்த சீருடை புகை நாற்றத்துடன் வகுப்பறைக்குப் போகின்றது. நகரப் பாடசாலையில் பக்கத்து மாணவி மூக்கைப் பொத்தும்போது அந்தப் பிள்ளை படும் கூச்சத்தை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. பெண்களின் உள்ளாடைகளும் மாதவிடாய்த் துணிகளும் பிறர் கண்ணில் படக்கூடாதென்று வேறு துணிகளுக்கு அடியிலே மறைத்துக் காயவைக்கப்படுகின்றன. வெயிலும் காற்றும் படாத அத்துணிகள் முழுமையாகக் காய்வதேயில்லை. தோல் நோய்களுக்கும் தொற்றுகளுக்கும் அது வழிவகுக்கின்றது. துணி உலர்த்தும் பிரச்சினை பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுவதனாற்போலும், அது இதுகாறும் எந்த மேடையிலும் பேசப்படவில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். சுழலும் உருளையினுள் ஈரத் துணியை இட்டு, சூடேற்றிய காற்றை அதனூடே செலுத்துவதே உலர்த்தியின் வேலை. அமெரிக்காவில் ஜோர்ஜ் சாம்ப்சன் என்பவர் 1892 ஆம் ஆண்டிலேயே துணி உலர்த்தும் சாதனமொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மின்சார உலர்த்தி விற்பனைக்கு வந்தது 1930 களின் இறுதியில். கொடியில் போட்ட துணி பனிக்கட்டியாய் விறைத்துப்போகும் வட டகோட்டாவின் குளிரே அந்த ஆக்கத்துக்குத் தூண்டுகோலாயிற்று. ஆகவே குளிர் பிரதேசத்துக்கென்றே பிறந்த பொருள் அது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அது உண்ணும் மின்சாரம் சாதாரணமானதன்று. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 0.65 அலகு மின்சாரம் தேவை. இயற்கையின் இந்தக் கணக்கைச் சாதாரண உலர்த்தி எதனாலும் ஏமாற்ற முடியாது. ஐந்து கிலோ துணியில் மூன்று லீற்றர் நீர் இருந்தால் ஆகக் குறைந்தது இரண்டு அலகு. இயந்திரத்தின் இழப்புகளையும் சேர்த்தால் மூன்று, நான்கு அலகு வரும். வெப்பப் பம்பி பொருத்திய புதிய வகைகள், வெளியேறும் வெப்பத்தை மீண்டும் பிடித்துப் பயன்படுத்துவதால் இதில் பாதியளவிலோ அதற்கும் குறைவாகவோ முடித்துவிடும். அவற்றின் விலையோ மிக அதிகம்.

வாரத்துக்கு மூன்று முறை இயக்கினாலே மாதத்துக்கு ஐம்பது அலகை நெருங்கும். நமது வீட்டு மின்கட்டண முறையில் 60 அலகு என்பது ஒரு வேலி. அதற்குட்பட்ட குடும்பத்துக்கு ஒரு கட்டணம். அதைத் தாண்டியவுடன் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். மாதம் நாற்பது அலகுடன் சமாளிக்கும் ஒரு தோட்டக் குடும்பம் உலர்த்தி வாங்கிய மறு மாதமே அந்த வேலியைத் தாண்டிவிடும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்தபோது பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. பின்னர் கட்டணம் இறங்கியதும் ஏறியதும் உண்டு. எனினும் வேலி அப்படியே இருக்கின்றது.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை மின்னிலையம் 201 மெகாவோட் வலுவுடையது. 2012 இல் தலவாக்கலையில் திறக்கப்பட்ட மேல் கொத்மலை 150 மெகாவோட். துணியைக் காயவிடாத அதே மழைதான் இந்தச் சுழலிகளைச் சுற்றுகின்றது. ஆகவே மழைக்காலத்தில் உலர்த்தியை இயக்குவது எரிபொருளை எரிப்பதாகாது என்று சிலர் வாதிடக்கூடும். வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் நாடே மின்விளக்கேற்றும்போது நீர் மட்டும் போதுவதில்லை. வேலை முடிந்து வரும் தாய் துணிக்கு நேரம் ஒதுக்குவதும் சரியாக அந்த நேரத்திலேதான்.

லயங்களைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. சாதாரண உலர்த்தி 2,000 வோட்டுக்கு மேல் இழுக்கும். அதாவது ஒன்பது, பத்து அம்பியர். பல தசாப்தங்களுக்கு முன்னர் இரண்டு மின்குமிழுக்கென இழுத்த கம்பியில், அதுவும் நீட்டிப்புக் கம்பி ஒன்றின் வழியாக, இதனை இயக்குவது தீயுடன் விளையாடுவதாகும். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பிராக்களில் ஒன்றில் பற்றிய தீ ஒன்றோடு நிற்பதில்லை என்பதற்கு மலையகத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்ற வசதியில்லாத அறையில் வைத்தால், துணியிலிருந்த நீர் அத்தனையும் மீண்டும் சுவருக்கே போகும். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில் சேரும் பஞ்சை அகற்றவும் வேண்டும். சமையலெண்ணெய் ஊறிய துணியை உள்ளே இடுதல் ஆகாது.

முஸ்லிம் வாசகர்களிடம் எழக்கூடிய ஐயமொன்றையும் தொட்டுச் செல்வோம். தொழுகைக்கான ஆடை தூய்மையாயிருக்க வேண்டும் என்பதில், உலர்த்தியின் சூட்டுக்குப் பங்கு ஏதுமுண்டா? நமது நாட்டில் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நஜீஸ் பட்ட துணியைத் தூய்மையாக்குவது நீரே. வெயிலோ வெப்பமோ அன்று. அழுக்கை நீக்கித் தூய நீரால் அலசிய துணி ஈரமாயிருந்தாலும் சுத்தமானதே. எனவே மார்க்கக் கடமைக்கு இயந்திரம் அவசியமில்லை. ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்யும்போதும் வீண்விரயம் கூடாதென்று போதிக்கப்பட்ட சமூகம், மின்சாரத்திலும் அதே கண்ணோட்டத்தைக் கொள்வது பொருந்தும். விரதம் பிடித்து மாலையணியும் இந்துக்களுக்கும், தோய்த்துலர்ந்த வேட்டி காலையில் கிடைப்பதே கவலையன்றி, அது எப்படி உலர்ந்தது என்பதன்று.

அப்படியாயின் வழி என்ன? விடை நம் கண்ணெதிரே தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கின்றது. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். தொழிற்சாலை அதை எடுத்த எடுப்பிலேயே சூட்டடுப்பில் போடுவதில்லை. முதலில் நீண்ட தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தி, பல மணி நேரம் வாட்டுகின்றது. நீரின் பெரும் பங்கு காற்றுடனேயே போய்விடும். வானம் மூடியிருக்கும் நாட்களில் மட்டும் சிறிது வெந்காற்றைக் கலப்பர். எஞ்சிய நீருக்கே உலர்த்தி, அதுவும் விறகுச் சூட்டில். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலை உலர்த்திக்குச் 'சிறொக்கோ' என்று பாலைவனக் காற்றின் பெயரைச் சூட்டினார். ஆலைக்குள்ளே இலைக்குக் கிடைக்கும் காற்று, அதனைப் பறித்தவளின் சேலைக்குக் கிடைப்பதில்லை!

வீட்டளவில் முதற்படி நன்றாகப் பிழிவது. சலவை இயந்திரத்தின் சுழற்றிப் பிழியும் தொட்டி ஐந்து நிமிடத்துக்கு எடுப்பது 0.02 அலகு அளவிலேதான். அதில் கூடுதலாக வெளியேறும் இரண்டு லீற்றர் நீரைச் சூட்டினால் போக்குவதாயின் அறுபது மடங்குக்கு மேல் மின்சாரம் வேண்டும். தனியே பிழிவதற்கென்றே சிறிய இயந்திரங்களும் உண்டு. பிள்ளைகள் பணம் அனுப்புவதாயின் முதலில் இதற்கு அனுப்பட்டும். பிழிந்ததை உறங்கும் அறையில் தொங்கவிடாமல், இஸ்தோப்பில் கூரைத் தகரத்துக்குக் கீழே, கப்பியும் கயிறும் கொண்டு ஏற்றி இறக்கும் சட்டத்தில் போடலாம். ஸ்கொட்லாந்தின் ஈரக் குளிரில் வீட்டுக்கு வீடு இருந்த ஏற்பாடு அது. தோட்டங்களுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டிய துரைமார் ஏனோ இதைக் கொண்டுவரவில்லை.

கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ உள்ள வீட்டில், மின்னிணைப்பும் தாங்குமாயின், உலர்த்தியைக் குறை கூற மாட்டோம். விடுதிகளும் வைத்தியசாலைகளும் அதின்றி இயங்கவும் முடியாது.

தோட்டங்களுக்கு வேண்டியது பொது உலர்த்துமிடம். 1842 இல் லிவர்பூலில் ஏழைக் குடும்பங்களுக்கென முதலாவது பொதுச் சலவையகம் திறக்கப்பட்டது. தனித்தனி வீட்டில் இயலாததை ஊர் சேர்ந்து செய்யலாம் என்பது அன்றே நிறுவப்பட்ட உண்மை. பீலிக்கரைக்கு அண்மையில், ஒளி புகும் தகட்டுக் கூரையும் இருபுறமும் காற்றோட்டமும் கொண்ட நீண்ட கொட்டகை, ஒரு சுழற்றிப் பிழியும் இயந்திரம், ஒரு விசிறி, பெண்களின் உள்ளாடைகளுக்கென மறைப்புள்ள தனிப் பகுதி. தொழிற்சாலை பக்கத்திலிருந்தால் அதன் அடுப்பிலிருந்து வீணே வெளியேறும் வெப்பத்தையும் குழாய் வழி கொணரலாம். புதிய வீட்டுத் திட்டங்களுக்கு வரைபடம் கீறும்போது, பாதையையும் நீர்க்குழாயையும் குறிக்கும் அதே தாளில், தோட்டக் கம்பனிகளும் அமைச்சும் இந்தக் கொட்டகைக்கும் ஒரு பேர்ச் நிலத்தைக் குறித்து வைக்கலாம்.