இருவீச்சு எஞ்சின்

‘டூ ஸ்ட்ரோக்’ என வழங்கப்படும் இருவீச்சு எஞ்சின், பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் முழுச் சுழற்சியையும் முடித்துவிடும். திண்டுக்கல் சமவெளியில் தோட்டத்துக் காய்கறி மூட்டைகளை ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சுமந்த டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். சூப்பர் மொபெட்டுகளில் இருந்தது இதுவே. ஒசூரில் தயாரான டி.வி.எஸ். 50 விற்பனைக்கு வந்தது 1980இல்.

பிஸ்டன் ஏறும்போது அதன் மேற்புறம் பெட்ரோல்–காற்றுக் கலவை அழுத்தப்படுகிறது. அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் புதிய கலவை உறிஞ்சப்படுகிறது. பிளக் பொறி விட்டதும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். அது இறங்கும்போது சிலிண்டர் சுவரிலுள்ள புகைத்துளை முதலில் திறக்கிறது. அடுத்துத் திறக்கும் துளை வழியே கிராங்க் அறைக் கலவை மேலேறி, மிச்சப் புகையை வெளியேற்றுகிறது. தனி வால்வு கிடையாது, பிஸ்டனே கதவு. நான்குவீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடக்கும் எரிதல் இதில் ஒவ்வொரு சுற்றிலும் நடப்பதால், சிறிய எஞ்சினும் பாரம் இழுக்கும்.

கலவை கிராங்க் அறை வழியே போவதால் அங்கே ஆயில் தேக்கிவைக்க முடியாது. எனவே 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். மறந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்கள் மெக்கானிக்குகள். அதிகம் ஊற்றினாலோ புகை கக்கும், பிளக்கில் கரி ஏறும்.

எரியாத கலவையில் ஒரு பகுதி புகையோடு தப்பிவிடுவது இதன் பெரிய குறை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி வந்த நிலையில், 2015இல் வெளிவந்த எக்ஸ்.எல். 100 நான்குவீச்சு எஞ்சினுக்கு மாறியது. பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் அதோடு போயிற்று.