நிர்மாலியம் மீண்டும் மலராகும்

அடியார் வரலாறுகளில் பூத்தொண்டுக்குத் தனியிடம் உண்டு. திருப்புகலூரில் முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் பறித்து இறைவனுக்கு மாலை தொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை சமர்ப்பித்தார். ராமாநுஜரின் திருவுள்ளப்படி திருமலைக்குச் சென்ற அனந்தாழ்வான், அங்கேயே தங்கி ஏரி வெட்டி நந்தவனம் வளர்த்தார். அவர் மண் வெட்டிய கடப்பாரை திருமலைக் கோயில் வாசலில் தொங்குவதை அன்பர்கள் கண்டிருப்பர். மாலையைப் போற்றும் மரபு அந்தக் கடப்பாரையையும் போற்றுகிறது. பூத்தொண்டு மண்ணில்தான் தொடங்குகிறது.

இறைவன் திருமேனியில் மலரைச் சாற்றியதோடு அத்தொண்டு முடிந்துவிடுவதும் இல்லை. களைந்த மலரான நிர்மாலியம் காலில் மிதிபடலாகாது என்பர் பெரியோர். திருமலையில் களைந்த மாலைகளைப் பூங்கிணற்றில் சேர்ப்பது பழைய வழக்கம். பிற ஊர்களில் ஆற்றிலோ குளத்திலோ விடுவர். வாழைநாரில் தொடுத்த சிறிதளவு பூ நீரில் கரைந்து மறைந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ திருவிழா நாள்களில் பூ மலைபோல் குவிகிறது; நெகிழி நூலும் ஜரிகையும் பைகளும் அதனுடன் நீருக்குள் செல்கின்றன. அழுகும் மலர் நீரிலுள்ள உயிர்வளியைக் குறைத்து மீன்களை வாட்டுகிறது. தீர்த்தமென்று தலையில் தெளித்துக்கொள்ளும் நீரையே பூசைமலர் கெடுக்கும் நிலை இது. நந்தவனத்திலேயே மலரை மட்கச் செய்தால், அது மிதிபடுவதும் இல்லை. நீர்நிலையும் தூய்மையாக இருக்கும்.

முதற்பணி பிரித்தெடுத்தல். நூல், ஜரிகை, கற்பூரக் காகிதம், எலுமிச்சையில் செருகிய கம்பி ஆகிய அனைத்தையும் நீக்க வேண்டும். வாழைநார் மாலை முழுவதுமாக மட்கும். நெகிழி நூல் மாலையை அறுத்துப் பிரிக்க வேண்டும். ஈரப்பூ ஒரு பங்கு என்றால், காய்ந்த சருகு இரண்டு பங்கு சேர்த்து அடுக்கி, இடையிடையே பசுஞ்சாணம் கரைத்துத் தெளிக்கலாம். சில நாள்களில் குவியலின் உள்ளே வெப்பம் ஏறும். அது 55 பாகை செல்சியஸைத் தொட்டுச் சில நாள்கள் நீடித்தால், சாணத்திலுள்ள நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும். குவியலை அவ்வப்போது புரட்டி வெளிப்புறத்தை உட்புறமாக்குவது இதற்காகவே. இரண்டு, மூன்று மாதங்களில் பூவின் உருவம் மறைந்து, மழை நனைத்த மண்ணின் மணம் வரும். அதுவே முதிர்ந்த மட்கு.

இம்மட்கை நேரடியாகச் செடிகளின் அடியில் இடலாம். சிறிதளவு மட்கின் பயனைப் பல செடிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் வழி, அதனை நீரில் ஊறவைத்துச் சாறாக்குவது. இதனை மேனாட்டார் ‘கம்போஸ்ட் டீ’ என்பர். தேயிலையின் சாரம் வெந்நீரில் இறங்குவதுபோல, மட்கிலுள்ள சத்துகளும் நுண்ணுயிர்களும் குளிர்ந்த நீரில் இறங்குகின்றன. நெருப்பு இதற்கு ஆகாது.

வீட்டுத் தோட்டத்திற்கு 10 லிட்டர் நீரும் ஒரு கிலோ மட்கும் போதும். குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பின் நுண்ணுயிர்கள் மடியும். ஆகவே நீரை ஒரு நாள் திறந்து வைத்தல் நலம். கிணற்று நீரும் மழைநீரும் உகந்தவை. மட்கைப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி நீரில் தொங்கவிட்டு, மீன்தொட்டிக்குக் காற்றூட்டும் சிறு மின்கருவியால் 24 முதல் 36 மணி நேரம் காற்றுச் செலுத்த வேண்டும். காற்றில்தான் நன்மை தரும் நுண்ணுயிர்கள் பெருகும். காற்றை நிறுத்தியபின் சில மணி நேரத்திற்குள் சாற்றைப் பயன்படுத்திவிட வேண்டும். நாளைக்கென்று மூடிவைத்தால் கெட்டுவிடும். மண்மணம் வீசினால் சாறு நன்று. துர்நாற்றம் வீசினால், அதனைச் செடிக்கு ஊற்றலாகாது.

வெயில் தணிந்த மாலையில், மல்லிகை, செவ்வரளி, நந்தியாவட்டை போன்றவற்றின் வேரடியில் இதனை ஊற்றலாம். துணியில் எஞ்சிய சக்கையையும் மண்ணில் இட்டு மூடலாம். துளசிக்கும் வில்வத்திற்கும் மட்டும் தனிக் கவனம் வேண்டும். துளசி இலை தீர்த்தத்தோடு பச்சையாகவே அன்பர்களின் வாய்க்குச் செல்கிறது. வில்வத்தைப் பிரசாதமாக உண்போரும் உண்டு. ஆகவே இவற்றின் இலைமீது சாற்றைத் தெளிக்கக் கூடாது; வேருக்கு மட்டுமே விட வேண்டும். கீரைகளுக்கும் இதுவே முறை. நுண்ணுயிர்களைப் பெருக்க வெல்லம் சேர்ப்போர் உண்டு. மட்கு சரிவர வெப்பமேறாதிருந்தால், நோய்க்கிருமிகளும் அவ்வெல்லத்தை உண்டு பெருகும். உண்ணும் இலைகள் உள்ள தோட்டத்தில் வெல்லத்தைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

அபிடேகத்தில் இடம்பெறும் பஞ்சகவ்யமும் இதுவும் ஒன்றா என்ற ஐயம் எழலாம். இரண்டும் வெவ்வேறு. பஞ்சகவ்யத்தைப் பயிர்களுக்கு ஏற்றவாறு வடிவமைத்துப் பரப்பியவர் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றுடன் இளநீர், வெல்லம், பூவன்பழம் சேர்த்து ஏறத்தாழ ஒரு மாதம் நொதிக்கவிட்டு, 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் வீதம் கலந்து தெளிப்பது அம்முறை. மட்குச் சாற்றுக்குப் பாலும் நெய்யும் தேவையில்லை. எளிய குடும்பத்தினரும் குறைந்த செலவில் செய்யலாம்.

இச்சாற்றை வரப்பிரசாதமாக எண்ணி மிகையாக எதிர்பார்த்தலும் கூடாது. சில ஆய்வுகளில் செடிகளின் நோய் குறைந்தது; வேறு சிலவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை. மட்கின் தரத்தைப் பொறுத்தே சாற்றின் தரம் அமைகிறது. ஆதலால் சாறு துணைக்கு. மண்ணை வளர்ப்பது மட்கே.

கோயிலுக்கு அருகில் வாழும் நான்கைந்து குடும்பங்கள் கூடினால், நிர்வாகத்தாரின் இசைவுடன் இப்பணியைத் தொடங்கலாம். பிள்ளைகள் நூலைப் பிரிப்பர். பெரியோர் குவியலைப் புரட்டுவர். மாலை தொடுக்கத் தெரியாதோரும் பங்கேற்கத்தக்க பூத்தொண்டு இது. வாழைநாரில் தொடுத்த மாலையைக் கேட்டு வாங்குவதையே அதன் முதல் படியாகக் கொள்ளலாம்.