மகரந்தச் சேமிப்பு

மகரந்தச் சேமிப்பு என்பது மகரந்தத் தூளை அதன் உயிர்ப்புத்திறன் கெடாமல் நீண்ட காலம் வைத்திருக்கும் முறையாகும். வெவ்வேறு பருவங்களில் பூக்கும் மரங்களையும் தொலைவிலுள்ள மரங்களையும் கலப்பினம் செய்ய இது உதவுகிறது.

முறை

புதிதாக விரியும் பூக்களிலிருந்து மகரந்தம் சேகரிக்கப்பட்டு, சிலிக்கா ஜெல் கொண்டு உலர்த்தப்படுகிறது. ஈரம் மிகுந்திருந்தால் உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் உயிரணுவைச் சிதைத்துவிடும். உலர்ந்த மகரந்தம் காற்றுப்புகா உறைகளில் அடைக்கப்பட்டு, −196 °செ வெப்பநிலையுள்ள திரவ நைட்ரசனில் வைக்கப்படுகிறது. அங்கு உயிர்ச்செயல்கள் ஏறக்குறைய நின்றுவிடுவதால் அது பல ஆண்டுகள் கெடுவதில்லை. வெளியே எடுத்தபின், சர்க்கரையும் போரிக் அமிலமும் கலந்த ஊடகத்தில் மகரந்தக்குழாய் வளர்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. நெல், மக்காச்சோளம் போன்ற புல்லினங்களின் மகரந்தம் உலர்த்தலை எளிதில் தாங்காததால் அவற்றைச் சேமிப்பது கடினம்.

இந்தியாவில்

பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் மகரந்தங்களைத் திரவ நைட்ரசனில் பாதுகாத்து வருகிறது. தென்னையில் நெட்டை, குட்டை வகைகளைக் கலக்கும் பணியை 1932-இல் நீலேசுவரத்தில் ஜே. எஸ். பட்டேல் மேற்கொண்டார், இத்தகைய கலப்புக்கும் உலர்த்திய மகரந்தம் பயன்படுகிறது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள இவ்வூர்களில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மிகுதி. இராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழம் பெயர்பெற்றது. இதன் மகரந்தத்தைச் சேமித்தால் பிற வகைகளுடன் கலக்கலாம். ஆனால் மகரந்தத்தில் தந்தை மரத்தின் மரபணுக்களில் பாதியே இருக்கும். தோப்பு அழிந்தால் அதைக்கொண்டு அதே மரத்தை மீட்க முடியாது. எனவே ஒட்டுக்கன்றுகள் மூலம் மரங்களையும் காப்பது இன்றியமையாதது.