தீபாவளி மத்தாப்பும் வைக்கோற்போரும்

ஐப்பசி மாதத்தில் தீபாவளி வருங்கால், காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைப் பக்கத்துக் களங்களில் சொர்ணவாரி நெல்லின் வைக்கோல் போராக நிற்கும். தை மாதத்துச் சம்பா அறுப்பு வரையில் மாடுகளுக்கு அதுவே தீனி. நெசவாளர் இல்லங்களிலோ தறியில் பாவும், கூடையில் பட்டு நூலும் இருக்கும். ஒரு பொறியினால் இவ்விரண்டும் நஷ்டமாகக் கூடுமாதலின், பண்டிகைக்கு முன்பே இவ்விஷயத்தில் சிரத்தை கொள்ளுதல் நலம்.

வெடியைக் கண்டு அஞ்சுவோரும் கம்பி மத்தாப்பைக் குழந்தையின் கையில் தயங்காது கொடுக்கின்றனர். இது பெருந்தவறு. கொதிக்கும் நீரின் உஷ்ணம் 100 டிகிரி செண்டிகிரேடு. எரியும் மத்தாப்பின் உஷ்ணமோ 1,000 டிகிரிக்கும் மேற்பட்டது. உலர்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள இதில் மூன்றில் ஒரு பங்கே போதும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் தேதி, காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் பட்டாசுத் தயாரிப்பிடம் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். வெடிமருந்தின் வேகத்தை அறிய நாம் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை.

இடமும் காற்றும்: போர், கூரைக்கொட்டகை, மாட்டுத்தொழுவம் ஆகியவற்றினின்றும் விலகிய வெட்டவெளியே தக்க இடம். நெல் தூற்றும்போது காற்றுப் பார்ப்பதுபோல, ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றின் திசையை அறிந்துகொள்க. அப்பருவத்தில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று வீசுமாதலால், போருக்கு வடகிழக்கில் நின்று வாணம் விட்டால் பொறி போரின்மேலேயே விழும். மழையில் நனைந்த போருக்கு அபாயமில்லை என்று எண்ணற்க. மேற்புறம் ஈரமாயினும் உட்புறம் உலர்ந்திருக்கும். உள்ளே புகுந்த பொறி கனன்று, மறுநாளும் தீயாக மூளலாம். ஆகையால் படுக்கச் செல்லுமுன் போரை ஒருமுறை சுற்றிப் பார்த்து, புகை நாற்றம் உண்டா என்று அறிக. நெசவு இல்லங்களில் தெருப்பக்கத்துச் சன்னல்களை அடைத்துவிடுக.

கொளுத்தும் முறை: இரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் அருகில் இருத்தல் அவசியம். தொங்கும் தாவணியையும் முந்தானையையும் செருகிக்கொண்டு, பருத்தி ஆடையும் காலில் செருப்பும் அணிக. நைலான் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சிறு குழந்தைகள் கையில் மத்தாப்புத் தராமல் தூர நின்று பார்க்கச் செய்க. பெரிய பிள்ளைகள் ஒவ்வொன்றாக, கையை நீட்டிப் பிடிக்கட்டும். அணைந்த கம்பியும் சுடுமாதலால், அதனை உடனே நீரில் இடுக. புஸ்வாணத்தின்மேல் முகத்தைக் குனியாமல், நீண்ட ஊதுவத்தியால் பக்கவாட்டில் நின்று பற்றவைக்க. வெடிக்காத வெடியை மீண்டும் தொடாமல், சிறிது நேரம் பொறுத்து நீர் ஊற்றுக. நனைந்த பட்டாசை அடுப்பருகே உலர்த்துதல் ஒருக்காலும் கூடாது. 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நேரத்தை வரையறுத்தது முதல், தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7 மணி வரையிலும், இரவு 7 முதல் 8 மணி வரையிலும் அனுமதித்து வருகின்றது.

கால்நடைகள்: வெடிச்சத்தத்தில் மாடுகள் மிரண்டு கயிற்றை அறுக்கும். சினைப்பசுவையும் கன்றையும் வேடிக்கையிடத்துக்கு எட்டத்தில் கட்டுக. மத்தாப்பில் நெடுங்காலம் சேர்ந்துவந்த பேரிய உப்பு விஷமுடையது. 2018-ல் அது தடுக்கப்பட்டதாயினும், எல்லாச் சரக்கும் அதனின்று நீங்கியதென்று நம்பியிருத்தல் தகாது. ஆகவே விடிந்ததும் காகிதக் குப்பையையும் கம்பிகளையும் பெருக்கி அகற்றுக. எருக்குழியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். தீவனத்தில் சேர்ந்த கம்பித்துண்டு மாட்டின் வயிற்றைக் குத்திக் கெடுக்கும்.

தீப்புண் நேரின்: வளையல், மோதிரங்களைக் கழற்றி, புண்ணின்மீது குளிர்ந்த சுத்தமான நீரை 20 நிமிஷம் விடாது ஊற்றுக. மஞ்சள், வெண்ணெய், மை, பற்பசை ஒன்றும் தடவற்க, கொப்புளத்தை உடைக்கற்க. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். அருகிலிருப்போர் கனத்த சமுக்காளத்தால் போர்த்துக. கண்ணில் பொறி பட்டால் கசக்காமல் உடனே கண் வைத்தியரிடம் காட்டுக. தீயணைப்புப் படைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

பண்டிகை ஒருநாளில் கழியும். தைமாதம் வரையில் மாட்டுக்கு வைக்கோலும், தறியில் ஏறிய பாவும், வீட்டுக் குழந்தையின் கண்ணும் அதன் பின்னரும் நமக்கு வேண்டும். இரு வாளி நீரும் சிறிது ஜாக்கிரதையும் அவற்றைக் காக்கும்.