உங்களுக்குத் தெரியுமா?

கேரளத்தின் மூணாறு அருகே மாட்டுப்பட்டி அணையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்கள் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. 1957 தேர்தலில் அங்கே கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றி செல்லாது எனத் தீர்ப்பானதால், 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. கேரள முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசின் பெரும்பான்மையோ மயிரிழையில் நின்றது. தமிழ்த் தொழிலாளர்களின் ஓட்டைத் தேடி, பண்ணைபுரத்துப் பாவலர் வரதராஜன் (இளையராஜாவின் அண்ணன்) மலையேறி வந்து பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார்.

அதற்குச் சற்று முன்புதான், 1958 ஏப்ரலில், அமிர்தசரஸ் மாநாட்டில் அமைதி வழியில், நாடாளுமன்றப் பாதையில் சோசலிசத்தை அடைய முயல்வது என்று கட்சி ஏற்றிருந்தது. பத்தாண்டுக்கு முன் ஆயுதப் புரட்சி பேசிய அதே கட்சி!

1964-ல் கட்சி இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி என இரண்டாக உடைந்தது. பின்னர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி காங்கிரஸோடு கைகோத்தது. அதன் தலைவர் அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோதுதான், 1971-ல், இந்தத் தோட்டங்கள் அமைந்த கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்கும் சட்டம் வந்தது. நெருக்கடி நிலையையும் அக்கட்சி ஆதரித்தது. மார்க்சிஸ்டுகள் எதிர்த்தார்கள். 1978 பட்டிண்டா மாநாட்டில் அந்த ஆதரவு தவறென்று இந்திய கம்யூனிஸ்ட் கட்சி ஒப்புக்கொண்டது. 1980-ல் இரு கட்சிகளும் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணியாகச் சேர்ந்தன.

அதே மலைகளில், 2015 செப்டம்பரில், மூணாறு தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள். இடதுசாரி, காங்கிரஸ் என எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் அவர்கள் அருகே விடவில்லை.