ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஓர் எண்

ஒரே படத்தில் ஒரே மெட்டை ஆண் குரலில் ஒரு முறையும் பெண் குரலில் ஒரு முறையும் கேட்டுப் பழகியவர்கள் நாம். காதுக்கு அது ஒரே பாட்டு. ராயல்டி கணக்கிலோ இரண்டு ஒலிப்பதிவுகள். பாடியவர் வேறு, பணம் போய்ச் சேரவேண்டிய இடமும் வேறு. இந்த இரண்டையும் குழப்பமில்லாமல் பிரித்துக் காட்டுவது ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடக் குறியீடு.

1986-ல் ஐ.எஸ்.ஓ. 3901 என்ற தரமாக வெளியான இதை உலக அளவில் நிர்வகிப்பது ஒலிப்பதிவுத் துறையின் சர்வதேச அமைப்பான ஐ.எஃப்.பி.ஐ.; இந்தியாவில் இசைத் துறை அமைப்பான ஐ.எம்.ஐ.

ஏஏ6கியூ7 20 00047 என்று ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து இடங்கள், குறியீடு வழங்கும் நிறுவனத்துக்கோ கலைஞருக்கோ ஒதுக்கப்பட்ட முன்னொட்டு. கடைசி ஐந்தும் வரிசை எண். ஆக, ஒரு முன்னொட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பதிவுகள் வரை அடங்கும். நடுவில் உள்ள 20-ஐத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது பாடல் பதிவான ஆண்டு அல்ல, குறியீடு கொடுத்த ஆண்டு. 1965-ல் பதிவான பாட்டுக்கு 2012-ல் குறியீடு கொடுத்தால் அதில் 12 என்றே இருக்கும்.

பாட்டின் பெயரோ பாடகர் பெயரோ குறியீட்டுக்குள் இல்லை. அவை தரவுத்தளத்தில் இருக்கின்றன. உரிமையாளர் யார் என்பதற்கும் இது அத்தாட்சி ஆகாது. உரிமை கைமாறினாலும் பழைய எண்ணே தொடரும். தொகுப்பு ஆல்பத்தில் சேர்த்தாலும் அதே எண்தான். ரீமிக்ஸ், மேடைப் பதிவு, வேறொருவர் பாடிய கவர் ஆகியவற்றுக்குப் புது எண் வேண்டும். மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று தனிக் குறியீடு உண்டு.

சுயாதீனக் கலைஞர்கள் கோட்டைவிடுவது விநியோகஸ்தரை மாற்றும்போது. பாட்டைப் புதிய தளத்தில் ஏற்றும் படிவத்தில் ஐ.எஸ்.ஆர்.சி. கட்டத்தைக் காலியாக விட்டால், பெரும்பாலும் தானாகவே புது எண் விழுந்துவிடும். ஸ்ட்ரீமிங் தளம் அதைப் புதிய பதிவாக எடுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பழைய எண்ணோடு நின்றுபோகலாம். பாடுபட்டுச் சேர்த்த கேட்பு அப்படிப் போவது கொடுமை. பழைய விநியோகஸ்தரிடம் கணக்கை முடிக்கும் முன்பே ஒவ்வொரு பாட்டின் 12 இடங்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய படிவத்தில் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் அதுதான்.